இழுப்பறை ஃபிரிட்ஜ்: படகில் குளிர் எங்கே போகிறது?

படகின் சமையலறையைப் புதுப்பிக்கும்போது, கதவு வைத்த ஃபிரிட்ஜை எடுத்துவிட்டு இழுப்பறை ஃபிரிட்ஜ் பொருத்தினால் பாட்டரி மிச்சமாகுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கதவைத் திறந்தால் கனமான குளிர்காற்று தரையில் கொட்டிவிடும், இழுப்பறையிலோ தொட்டித் தண்ணீர்போல் அது உள்ளேயே நிற்கும் என்பதுதான் விற்பவர்கள் சொல்லும் காரணம். உண்மைதான், ஆனால் எவ்வளவு மிச்சம்?

50 லிட்டர் காற்று முழுவதும் வெளியேறி, அந்த இடத்தில் 30 டிகிரி வெயில் காற்று புகுந்ததாக வைப்போம். அதை 4 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 1.5 கிலோஜூல் போதும். 80 சதவீத ஈரப்பதம் இருந்தால், அந்த ஈரம் தண்ணீராகப் படியும்போது விடும் வெப்பம் அதைவிட அதிகம்: 2.2 கிலோஜூல். இரண்டும் சேர்த்தாலும் 4 கிலோஜூலைத் தொடவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அதே அளவு குளிர்விக்க 109 கிலோஜூல் வேண்டும். 5 செ.மீ. ஃபோம் சுவர் வழியே ஒரு நாளில் கசிந்து வரும் வெப்பமோ 1,100 கிலோஜூல். ஃபோம் பாதியானால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே காற்று கொட்டுவதைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, பெட்டியைச் சுற்றிக் கிடைக்கும் இடுக்கில் கூடுதலாக ஃபோம் தகடு வைப்பது பலன் தரும். கம்ப்ரசர் பக்கத்தை மட்டும் அடைக்கக் கூடாது.

அடைத்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. குளிரூட்டும் வாயுவான ஆர்134ஏ உள்ளே மைனஸ் 10 டிகிரியில் கொதிக்கும்போது அழுத்தம் 2 பார். சூட்டை வெளியே விடும் கண்டென்சர் 40 டிகிரியில் இருந்தால் அங்கே 10 பார். பின்பக்கம் காற்று வராமல் அது 55 டிகிரிக்கு ஏறினால் 15 பார். கம்ப்ரசரின் பிஸ்டன் உச்சிக்கு வரும்போதும் சிலிண்டர் தலைக்கும் அதற்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டே ஆக வேண்டும். அங்கே சிக்கிய உயரழுத்த வாயு வெளியே போகாது. பிஸ்டன் கீழிறங்கும்போது முதலில் அதுதான் விரியும். அது 2 பாருக்கும் கீழே தளரும்வரை உறிஞ்சு வால்வு திறக்காது. இடைவெளி பிஸ்டன் நகரும் வீச்சில் 3 சதவீதம் என்று வைத்தால், 10 பாரில் வீச்சில் பத்தில் ஒரு பங்கு வீண். 15 பாரில் ஆறில் ஒரு பங்கு. மோட்டார் கூடுதலாக உழைக்கிறது, உறிஞ்சும் வாயுவோ குறைகிறது. தெர்மோஸ்டாட் நிற்கச் சொல்வதே இல்லை.

எனவே கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு. ஒவ்வொன்றும் குறைந்தது 150 சதுர செ.மீ. இருக்கட்டும். கிரில்லின் பட்டைகள் பாதியை மறைத்துவிடும் என்பதால் வெட்டும் ஓட்டை அதைவிடப் பெரிதாக வேண்டும். கண்டென்சரின் ஓரங்களில் தடுப்புத் தகடு வைத்து ஃபோம் பட்டையால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் விசிறி தான் தள்ளிய சூட்டையே திரும்ப இழுக்கும்.

அளவெடுக்கும்போது ஆழத்தை மேலே மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு. படகின் உடல் உள்நோக்கி வளைவதால் கீழே ஆழம் குறைவு. படகு சாயும்போது மேட்டுப் பக்கத்து இழுப்பறை தானாகத் திறக்கப் பார்க்கும், காந்தப் பட்டை அதைத் தாங்காது. அழுத்தித் திறக்கும் பூட்டு கட்டாயம். சற்றே திறந்த நிலையில் நிற்கும் வசதியும் அதில் இருந்தால், அணைத்து வைக்கும் நாட்களில் பூஞ்சை பிடிக்காது. ஃபிரிட்ஜை அடித்தட்டில் சும்மா உட்கார வைக்காமல் நான்கு மூலையிலும் சட்டத்தோடு திருகுங்கள்.

மின்கம்பிதான் பலர் சறுக்கும் இடம். முன்பு டான்ஃபாஸ் பெயரிலும் இன்று செகோப் பெயரிலும் வரும் பிடி35 கம்ப்ரசருக்கு 12 வோல்ட்டில் 4 சதுர மி.மீ. கம்பி 4 மீட்டர் வரை, 6 சதுர மி.மீ. 6 மீட்டர் வரை. பாட்டரியிலிருந்து தனி வழி, 15 ஆம்பியர் ஃபியூஸ். விளக்கு, பம்பு எதையும் அதோடு கோக்கக் கூடாது. மெல்லிய கம்பியில் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் சரியும். 10.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும், 11.7 வந்தால்தான் மறுபடி விடும். பாட்டரியில் 12.3 காட்டும், ஃபிரிட்ஜ் மட்டும் ஓடாது. அளக்க வேண்டிய இடம் கம்ப்ரசரின் முனை, அதுவும் அது கிளம்பும்போது.

இந்த நிலையில் உடனே "கேஸ் குறைந்துவிட்டது" என்று சிலிண்டரோடு வருவார்கள். இது ஒரு மூடநம்பிக்கைதான். மூடிய குழாய்க்குள் வாயு தேய்ந்துபோவதில்லை. கசிவு இருந்தால்தான் குறையும், அப்போது கசிவை அடைக்காமல் நிரப்புவது வீண். அளவும் சில பத்து கிராம்தான், கண்மதிப்பில் கூடுதலாக ஏற்றினால் நன்றாக ஓடியதும் கெடும். அதற்கு முன் கம்ப்ரசரை இயக்கும் மின்னணுப் பெட்டியின் எல்இடியைப் பாருங்கள். இல்லையென்றால் '+', 'டி' முனைகளில் 10 மில்லிஆம்பியர் எல்இடி ஒன்றை மாட்டலாம். ஒரு முறை மினுக்கினால் மின்னழுத்தம் போதவில்லை. இரண்டு, விசிறி அதிக மின்சாரம் இழுக்கிறது. மூன்று, மோட்டார் கிளம்ப முடியவில்லை. நான்கு, வேகம் பிடிக்கவில்லை. ஐந்து, மின்னணுப் பெட்டியே சூடாகிவிட்டது. ஐந்து என்றால் முதலில் கிரில்லின் முன்னால் யாராவது பையை வைத்திருக்கிறார்களா என்று பார்க்கவும்.