பூட்டிவைத்த பரம்பரையலகு: செங்குழியம் உருவாகும் விதம்

மட்டக்களப்புப் பக்கம் ஒரு பிள்ளை வெளிறிப்போனால் பாட்டிமாரிடமிருந்து முதலில் வரும் அறிவுரை முருங்கையிலைச் சுண்டல்தான். இரும்புக் குறைபாட்டுக்கு அது பொருந்தலாம். ஆனால் ஈமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினைப் போதியளவு ஆக்க முடியாத பரம்பரை நோயான கடுமையான பீட்டா தலசீமியாவுடன் பிறந்த பிள்ளைக்குத் திரும்பத் திரும்பக் குருதி ஏற்றுவதால் உடலில் இரும்பு மிகையாகவே சேர்கிறது. அந்தப் பிள்ளை பிறந்தபோது நலமாக இருந்து, சில மாதங்கள் கழிந்த பிறகு வெளிறுவது ஏன் என்ற கேள்விக்கு விடை கலத்தின் கருவுக்குள் இருக்கிறது.

என்புமச்சையிலுள்ள குருதி மூலக்கலம் எந்தக் குருதிக் கலமாகவும் மாற வல்லது. அதனுள் ஏறத்தாழ 2 மீற்றர் நீளமான டி.என்.ஏ. இழை, மருதமுனை நெசவாளர் கட்டையில் நூல் சுற்றுவதைப் போல, ஹிஸ்டோன் என்னும் புரதங்களைச் சுற்றி அடங்கியிருக்கிறது. இறுகச் சுற்றிய இடத்திலுள்ள பரம்பரையலகைக் கலத்தால் எளிதில் வாசிக்க முடியாது. ஹிஸ்டோனில் அசற்றைல் கூட்டம் என்னும் சிறு இரசாயனத் துண்டு ஒட்டினால் சுற்று தளரும். நொதியங்கள் அதை அகற்றினால் மீண்டும் இறுகும். பரம்பரையலகின் தொடக்கப் பகுதியில் மெதைல் கூட்டங்கள் ஒட்டினால் அது பெரும்பாலும் அடங்கிப்போகும். டி.என்.ஏ.யின் எழுத்து ஒன்றுகூட மாறாமல் நடக்கும் இந்தக் கட்டுப்பாட்டையே மேல்மரபியல் என்கிறோம்.

மூலக்கலம் செங்குழியப் பாதையில் இறங்கும்போது, கேட்டா-2 என்னும் புரதம் அமர்ந்திருந்த இடங்கள் பலவற்றைக் கேட்டா-1 பிடித்துக்கொண்டு, ஈமோகுளோபினுக்கான பரம்பரையலகுகளைத் திறந்து, மூலக்கலத்துக்கு உரியவற்றை மூடுகிறது. கேட்டா-2 இன் பரம்பரையலகையும் அதுவே அடக்கிவிடுவதால் திரும்பிப் போக வழி இருப்பதில்லை. பின்னர் கரு படிப்படியாகச் சுருங்கி வெளியே தள்ளப்பட, அதை அருகிலுள்ள விழுங்கு கலங்கள் தின்றுவிடுகின்றன. இவ்வளவு கவனமாகத் திறந்து மூடிய ஏட்டைக் கடைசியில் முழுதாக எறிந்துவிடுவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. எஞ்சும் செங்குழியம் சுமார் 120 நாள் வாழும். வளர்ந்தவரின் உடலில் ஒவ்வொரு செக்கனுக்கும் ஏறத்தாழ 20 இலட்சம் உருவாகின்றன.

இப்போது பிள்ளைக்கு வருவோம். 11ஆம் நிறமூர்த்தத்தில், ஈமோகுளோபினின் பகுதிகளான காமா, பீட்டா குளோபின்களை ஆக்கும் பரம்பரையலகுகள் அருகருகே உள்ளன. அவற்றுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி, இழை வளைந்து கொடுப்பதால், கருப்பையில் காமாவையும் பிறந்த பின் பீட்டாவையும் தொட்டு இயக்குகிறது. இந்த மாற்றத்தின்போது பி.சி.எல்.11.ஏ என்னும் புரதம், அசற்றைல் கூட்டங்களை அகற்றும் நொதியங்களை அழைத்துவந்து காமாவை மூடுகிறது. பீட்டா பழுதான பிள்ளையைப் பிறக்கும்வரை காத்தது காமாதான். அது அடங்கிய பிறகே நோய் வெளிப்படுகிறது.

காமா பூட்டப்பட்டதே தவிர அழிந்துவிடவில்லை. பி.சி.எல்.11.ஏ இன் பங்கு 2008இல் தெளிவான பின், அதை அடக்கிக் காமாவைத் திறக்க ஆய்வாளர்கள் முயன்றனர். ஆனால் மூளைக்கும் நோயெதிர்ப்புக் கலங்களுக்கும் அப்புரதம் தேவை. எனவே, செங்குழியப் பாதையில் மட்டும் அதன் உற்பத்தியைத் தூண்டும் சிறு டி.என்.ஏ. பகுதியை, நோயாளியிடமிருந்து எடுத்த மூலக்கலங்களில், டி.என்.ஏ.யைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையால் வெட்டி, அவற்றைத் திரும்ப அவருக்கே செலுத்துகிறார்கள். 2023இல் பிரித்தானியாவில் அனுமதி பெற்ற இச்சிகிச்சையில் பழுதான பீட்டா அப்படியே இருக்க, காமா மீண்டும் வேலைக்கு வருகிறது.