பாரிசவாதத்துக்கு ஸ்டெம் செல்: ஊசி உள்ளே போன பிறகு நடப்பது என்ன?

திருகோணமலையில் பாரிசவாதம் வந்த ஒருவர் இருக்கும் வீட்டுக்கு அந்த வீடியோ எப்படியும் ஒரு நாள் வந்து சேர்ந்துவிடுகிறது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். சக்கர நாற்காலியில் இருந்தவர் எழுந்து நடக்கிறார்; கீழே ஏதோவொரு வெளிநாட்டுத் தனியார் கிளினிக்கின் தொலைபேசி எண். உப்புவெளியில் தெரிந்த அக்கா ஒருவர் கேட்டது இதுதான்: "தம்பி, அந்த ஸ்டெம் செல் ஊசி போட்டால் செத்த நரம்பு திரும்ப முளைக்குமாமே, உண்மையோ? காணியை வித்தாவது இவரைக் கூட்டிக்கொண்டு போவமோ எண்டு யோசிக்கிறம்."

முளைக்காது. ஆனால் ஸ்டெம் செல் எனப்படும், பெருகவும் வேறு வகைக் கலமாக மாறவும் கூடிய அந்தக் கலங்கள் உடம்புக்குள் போய்ச் சும்மா இருப்பதும் இல்லை. அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

முதலில் சாவது எது என்று பார்ப்போம். பாரிசவாதம் வருபவர்களில் பெரும்பாலானோருக்கு மூளைக்குப் போகும் இரத்தக் குழாயொன்று அடைபடுகிறது; மற்றவர்களுக்குக் குழாய் வெடித்து இரத்தம் கசிகிறது. பெரிய குழாய் அடைபட்டு அப்படியே விட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்புக் கலங்கள் சாகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006 இல் கணக்கிட்டார். அடைப்பின் நடுவே உள்ள பகுதி சீக்கிரமே செத்துவிடும். அதைச் சுற்றியுள்ள பகுதி வேலையை நிறுத்திவிட்டு, குறைந்த இரத்தத்தில் உயிரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து காப்பாற்றுவது இந்தச் சுற்றுப் பகுதியைத்தான். அதை வழக்கமாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் கசிவு உள்ளவருக்கு அதே மருந்து உயிருக்கு ஆபத்து. குழாய் வழியாகக் கட்டியை இழுத்தெடுக்கும் முறையில் சிலருக்கு 24 மணித்தியாலம் வரை அவகாசம் உண்டு.

ஆகவே வாய் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சுக் குழறினால் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். ஈச்சிலம்பற்றிலோ குச்சவெளியிலோ இருப்பவர் எண்ணெய் பூசி உருவிப் பார்த்துவிட்டு விடியப் போவோம் என்று இருந்தால், போய்ச் சேரும்போது காப்பாற்ற அதிகம் மிஞ்சியிருக்காது.

சரி, அந்த நேரம் தவறிவிட்டது. இனி என்ன? அடுத்த நாட்களில் மூளைக்குள் அழற்சி கிளம்புகிறது. மூளையின் காவல் கலங்கள் விழித்தெழுகின்றன, இரத்தக் குழாய்ச் சுவர் கசியத் தொடங்குகிறது, மண்ணீரலில் இருந்துகூட நோயெதிர்ப்புக் கலங்கள் புறப்பட்டு வருகின்றன. குப்பை அள்ள வந்தவை நல்ல கலங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும். மாதங்கள் போக, செத்த இடத்தில் திரவம் நிறைந்த குழியும் சுற்றிவரத் தழும்பும்தான் எஞ்சும்.

அந்தக் குழியைப் புதுக் கலங்களால் நிரப்பலாம் என்பதே ஸ்டெம் செல் ஆய்வின் பழைய கனவு. அதிகம் சோதிக்கப்பட்டவை எலும்பு மச்சை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றில் கிடைக்கும் மீசன்கைமல் வகைக் கலங்கள். எலிகளுக்குச் செயற்கையாகப் பாரிசவாதம் வரவழைத்து இவற்றை ஏற்றினார்கள். எலிகள் தேறின. ஆனால் மூளையை வெட்டிப் பார்த்தால், ஏற்றிய கலங்களில் நரம்புக் கலமாக மாறியவை கிட்டத்தட்ட இல்லை. இரத்தக் குழாயில் ஏற்றியவற்றில் பெரும்பகுதி மூளைக்குப் போகவே இல்லை. இதயத்தைத் தாண்டியதும் நுரையீரலின் மெல்லிய குழாய்களில் சிக்கி, சில நாட்களில் அழிந்துபோயின.

அப்படியானால் எலி தேறியது எப்படி? கலங்கள் சாவதற்கு முன் எதையோ சுரந்துவிட்டுப் போகின்றன. நரம்புக் கலத்தைப் பிழைக்க வைக்கும் புரதங்கள், புதுக் குழாய்களை வளரத் தூண்டும் புரதங்கள், கட்டளை மூலக்கூறுகளைச் சுமந்து செல்லும் எக்ஸோசோம் என்ற நுண்பைகள். இவை அழற்சியைத் தணிக்கின்றன, மண்ணீரலின் ஆவேசத்தை அடக்குகின்றன. சூறாவளிக்குப் பிறகு வெளியூரிலிருந்து வரும் தொண்டர்கள் விழுந்த மரத்தை இழுத்துப் போட்டு, நாலு நாள் சமைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டைத் திரும்பக் கட்டுவது ஊர்ச்சனம்தான். மூளையிலும் கட்டுவது தப்பிப் பிழைத்த கலங்களே. அவை புதுக் கிளை விட்டு, செத்தவற்றின் வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. இது முதல் மூன்று மாதங்களில் மிக வேகமாக நடக்கும். பிசியோதெரப்பியில் அந்தக் கையை ஆயிரம் தடவை அசைக்கச் சொல்வது வீண் தொல்லை என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எலி இளசு, ஆரோக்கியமானது, எந்தக் குழாயை எப்போது அடைப்பது என்பதும் ஆய்வாளர் கையில். எங்கள் கிளினிக் வரிசையில் நிற்பவருக்கோ அறுபது தாண்டியிருக்கும், பிரசரும் சீனி வருத்தமும் சேர்ந்திருக்கும்.

மனிதரில் பார்த்தவற்றில் நமக்குக் கிட்டிய உதாரணம் இந்தியாவுடையது. ஐந்து மருத்துவமனைகளில் 120 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அவரவர் எலும்பு மச்சையிலிருந்து எடுத்த, சராசரியாக 28 கோடி கலங்களை இரத்தக் குழாய் வழியே ஏற்றினார்கள். மற்றப் பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சாப்பிடுவது, குளிப்பது, கக்கூசுக்குப் போவது என்று அன்றாட வேலைகளுக்குப் புள்ளி போடும் பார்தெல் அளவுகோலில், ஆறு மாதம் கழித்து முதல் குழுவுக்கு நூற்றுக்கு 63.1, மற்றக் குழுவுக்கு 63.6. முடிவு 2014 இல் வெளிவந்தது. ஊசி ஆபத்தாக இருக்கவில்லை, பலனும் தரவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த 63.6. ஊசியே போடாதவர்கள் எடுத்த புள்ளி அது. அவர்களில் நன்றாகத் தேறிய யாரையாவது முதல் வாரமும் ஆறாம் மாதமும் படம் பிடித்திருந்தால், அந்த வாட்ஸ்அப் வீடியோவைப் போலவே இருந்திருக்கும்.

ஜப்பானில் நடந்ததும் இதே கதைதான். மல்டிஸ்டெம் என்ற ஸ்டெம் செல் தயாரிப்பை வைத்து அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நடத்தி, 2017 இல் முடிவு வெளிவந்த ஒரு சோதனையில் மொத்தமாகப் பலன் தெரியவில்லை. 36 மணித்தியாலத்துக்குள் ஏற்றியவர்கள் மட்டும் கொஞ்சம் நன்றாக இருப்பதுபோல் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு ஜப்பானில் 206 பேரிடம் அந்த நேரத்துக்குள்ளேயே ஏற்றிப் பார்த்தார்கள். 90 நாளில் மிக நன்றாகத் தேறியவர்கள் கலம் பெற்றோரில் 11.5 சதவீதம், பெறாதோரில் 9.8. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. மண்டையோட்டில் சிறு துளையிட்டு நேராக மூளைக்குள் கலம் வைக்கும் முறையும் உண்டு. ஸ்டான்ஃபோர்டின் கேரி ஸ்டைன்பெர்க் குழு 2016 இல் 18 பேரிடம் முன்னேற்றம் கண்டதாக எழுதியது, உலகமே பரபரப்பானது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லை. அப்படி ஒப்பீட்டுக் குழு வைத்து நடத்திய அடுத்த பெரிய சோதனை எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை.

பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே என்பவர்களுக்கு ஒரு சம்பவம். 66 வயது அமெரிக்கர் ஒருவர் பாரிசவாதத்துக்காகச் சீனா, ஆர்ஜென்டினா, மெக்சிகோ என்று போய் முதுகுத்தண்டு நீரில் ஸ்டெம் செல் ஏற்றிக்கொண்டார். பிறகு தண்டுவடத்தில் ஒரு திசுத்திரள் வளர்ந்து, நன்றாக இருந்த காலும் விழுந்தது. அந்தத் திரளில் இருந்த கலங்கள் அவருடையவை அல்ல, வேறொருவருடையவை. 2016 இல் மருத்துவ இதழொன்றில் இது பதிவானது. பெருகும் சக்திதான் ஸ்டெம் செல்லின் சிறப்பு. எங்கே நிறுத்துவது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம்.

ஆய்வு நின்றுவிடவில்லை. கலத்தை விட்டுவிட்டு அது சுரக்கும் எக்ஸோசோம்களை மட்டும் மருந்தாக்கப் பார்க்கிறார்கள். பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் பார்க்கிறார்கள். இப்படியான சோதனைகளில் சேர விரும்புவது தவறில்லை. ஆனால் ஒழுங்கான சோதனையில் நோயாளியிடம் சிகிச்சைக்குக் காசு வாங்க மாட்டார்கள், உங்களுக்குக் கலம் கிடைக்காமலும் போகலாம் என்று முதலிலேயே எழுதித் தருவார்கள். பல லட்சம் கேட்டு, எல்லோருக்கும் ஊசி உறுதி என்று சொல்லும் இடத்தில், ஊசி போடாமல் தேறியவர் யாரென்று காட்ட ஒருவரும் இருக்கமாட்டார்.