லாக் – நிகழ்குறிப்பு

ஆங்கிலத்தில் 'லாக்' என்றால் மரக்கட்டை. கணினிக்காரர்கள் நாள் முழுக்கச் சொல்லும் லாக், அதாவது மென்பொருள் தனக்குள் நடப்பதை வரிவரியாகக் குறித்து வைக்கும் கோப்பு, அதுவும் அந்தக் கட்டையிலிருந்து வந்ததுதான். பாய்மரக் கப்பல் காலத்தில், சீரான இடைவெளியில் முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் வீசுவார்கள். மணல் கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு ஓடுகிறதோ, அதுதான் கப்பலின் வேகம். அதை எழுதி வைத்த ஏடு லாக்புக். நாளடைவில் 'புக்' உதிர்ந்து லாக் மட்டும் நின்றது. கணக்கில் வரும் லாக் வேறு. அதற்குக் கிரேக்க வேர், தமிழில் மடக்கை.

புயல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அந்த ஏட்டில் வேகமும் காற்றும் திசையும் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் லாக்கைப் 'பிழைப்பதிவு' என்று சொன்னால் பொருள் சுருங்கிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'பதிவு' என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் தரவுத்தளத்தில் அட்டவணையின் ஒரு வரிசைக்கே பதிவு என்றுதான் பெயர். 'பதிவு அழிந்தது' என்று படிப்பவருக்கு எது அழிந்தது என்று எப்படித் தெரியும்? 'பதிகை' நல்ல சொல்தான், ஆனால் புகுபதிகை என்று லாகினோடு ஒட்டிவிட்டது. எனக்குப் பிடித்தது நிகழ்குறிப்பு. குறித்து வை, குறித்து வைத்தது என்று வினையும் இயல்பாக வருகிறது.

இந்தச் சொல் குழப்பத்தால் தரவே போனதுண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் மாற்றங்களை முதலில் எழுதிக்கொள்ளும் கோப்புகள் 'பிஜி_எக்ஸ்லாக்' என்ற அடைவில் இருந்தன. லாக்தானே, இடம் அடைக்கிறது என்று அழித்தவர்கள் தரவுத்தளத்தையே இழந்தார்கள். 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் அதன் பெயரை 'பிஜி_வால்' என்று மாற்றினார்கள். 'வால்' என்பது 'ரைட்-அஹெட் லாக்' என்பதன் சுருக்கம். தமிழில் இதற்கு நிகழ்குறிப்பு கூடாது. 'முன்னெழுது ஏடு' என்று தனிப்பெயரே வேண்டும்.

அப்புறம், எதைக் குறித்து வைப்பது? தரவுத்தளத்துக்கு வரும் ஒவ்வொரு வினவலையும், அதாவது கட்டளையையும், குறித்தால் வட்டு நிரம்பும். கடவுச்சொல்லை மாற்றும் கட்டளை கூட அப்படியே அதில் விழுந்துவிடும். செக்பாயின்ட் அப்படியல்ல. நினைவகத்தில் மாறிய பக்கங்களை வட்டில் எழுதி முடிக்கும் வேலை அது. இயல்பான அமைப்பில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, தொடங்கியதற்கு ஒரு வரி, முடிந்ததற்கு ஒரு வரி. வெகுகாலம் இது தானாகக் குறிக்கப்படவில்லை. 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பில்தான் இயல்பிலேயே குறிக்கும்படி ஆக்கினார்கள். அட்டவணைகளில் தங்கும் பழைய, பயனற்ற வரிசைகளைத் தானாக நீக்கும் வேலைக்குத் தானியங்கித் துப்புரவு என்று பெயர். அது 10 நிமிடத்துக்கு மேல் ஓடினால் அதையும் குறிக்கும்படி சேர்த்தார்கள்.

சிக்கல் ஒன்றும் இல்லாத நாளில் இந்த வரிகள் தொல்லையாகத் தெரியும், உண்மைதான். ஆனாலும் நான் அவற்றின் பக்கம்தான். தொடக்க வரியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். 'டைம்' என்றிருந்தால் நேரம் வந்ததால் தொடங்கியது. 'வால்' என்றிருந்தால் முன்னெழுது ஏடு வரம்பைத் தொட்டுவிட்டது. நேற்று வரை 'டைம்' என்று வந்தது இன்று வரிக்கு வரி 'வால்' என்று மாறியிருந்தால், எழுதும் சுமை ஏறிவிட்டது. நேற்றைய வரி இருந்தால்தான் அது கண்ணில் படும்.