கட்டிலைப் பார்க்கும் முன் பலகையைக் கழற்றிப் பாருங்கள்

கோவைக்கு வெளியே ஒரு ஷெட்டில், விற்பனைக்கு வந்த டிராவலர் வேன் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். கூட்டிப் போனவர்கள் ஒரு கணவன் மனைவி. இருவருக்கும் லேப்டாப்பிலேயே முடிகிற வேலை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வேனிலேயே குடியிருப்பது என்று முடிவெடுத்திருந்தார்கள். வண்டிக்குள் கட்டில், சிறிய சமையல் மேடை, கூரையில் மஞ்சள் விளக்கு, சுவர் முழுக்கத் தேக்கு நிறத்தில் பிளைவுட். அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இதுவே போதும்னு தோணுது" என்றார். அட்வான்ஸ் கொடுக்கப் பணமும் கொண்டுவந்திருந்தார்கள்.

நான் வாகன இன்ஷூரன்ஸ் சர்வேயர். விபத்தில் அடிபட்ட, தீப்பிடித்த, வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பார்ப்பதுதான் என் தினசரி வேலை. பின்சக்கரத்துக்கு மேலே இருந்த பலகையைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். "ஸ்க்ரூவைக் கழட்டினா ஃபினிஷிங் போயிடும் சார்" என்றார் விற்பவர். "போனால் நானே திரும்ப மாட்டித் தருகிறேன்" என்று சொல்லி நான்கு ஸ்க்ரூவையும் எடுத்தேன். பலகைக்குப் பின்னால் தகடு அப்பளம் மாதிரி உதிர்ந்திருந்தது. ஒரு ஓட்டை வழியாக வெளியே தரை தெரிந்தது. அதை ஒட்டியே இரண்டு ஒயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டிருந்தார்கள். வழியில் எங்குமே ஃபியூஸ் இல்லை. அந்தப் பெண் எழுந்து வந்து அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். அப்புறம் கட்டிலைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

இப்போது நிறைய இளைஞர்கள் வேன் வாழ்க்கைக்கு ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தப்பே இல்லை. ஆனால் பழைய வண்டிகளிலேயே சோதித்துப் பார்க்கக் கடினமானது, ஏற்கெனவே வீடாக மாற்றி விற்கப்படும் வேன்தான். துரு, அடிபட்ட இடத்தை நிரப்பி மறைக்கும் பட்டி, வெள்ளக்கறை, கோளாறான ஒயரிங் என்று நான் தேடுகிற எல்லாவற்றையும் அந்த அழகான பலகை மூடிவிடுகிறது. அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முடிந்தால் வெறும் வண்டியை வாங்கி நீங்களே கட்டுங்கள். கட்டியதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பலகையைக் கழற்றச் சம்மதிக்கிறவரிடம் மட்டும் வாங்குங்கள்.

வெறும் வண்டியைப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. மெல்லிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி பாடி மேல் நகர்த்திப் பாருங்கள். தகடு இருக்கும் இடத்தில் பிடிக்கும். பட்டி தடிமனாகப் போட்ட இடத்தில் வழுக்கி விழும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் கடைசி முழத்தில் சேற்றுக்கோடு தங்கிவிடும். சீட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டுகளில் துரு, டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர் கனெக்டர்களில் பச்சைப் பூச்சு, இவையும் அதே கதையைத்தான் சொல்லும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் ஏராளமான வண்டிகள் மூழ்கின. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸில் அதை முழு நஷ்டமாகக் கணக்கிடுவோம். அப்படி முடிந்த வண்டியை யாரோ ஒருவர் சால்வேஜ் விலைக்கு, அதாவது சேதமான வண்டிக்கான மலிவு விலைக்கு எடுத்து, சரிசெய்து, மறுபடி சந்தைக்குக் கொண்டுவரலாம். வாங்கப் போகிறவர் பழைய பாலிசியையும் க்ளெய்ம் விவரத்தையும் கேட்க வேண்டியது இதனால்தான்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், ரப்பருக்கும் வயதாகும்.

அடுத்தது எடை. யாரும் கேட்பதே இல்லை, நான் முதலில் கேட்பது இதைத்தான். ஆர்.சி.யில் வண்டியின் வெற்று எடையும் மொத்த எடை வரம்பும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வீட்டுக்குக் கிடைக்கும் இடம். கணக்குப் போடுவோம். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி இரண்டு வைத்தால் இன்னொரு நூறு கிலோவுக்கு மேல். எட்டுக்கு நான்கு, 18 எம்.எம். பிளைவுட் ஷீட் ஒன்றே ஏறக்குறைய 35 கிலோ; ஆறு ஷீட் போனால் இருநூறைத் தாண்டும். ஆள் இரண்டு பேர், ஃபிரிட்ஜ், சிலிண்டர், பாத்திரம், துணிமணி, மெத்தை எல்லாம் சேர்ந்தால் எழுநூறு கிலோ சாதாரணமாக வந்துவிடும். மாருதி ஈகோ மாதிரி சின்ன வண்டியில் இது அடங்காது. அதில் இரண்டு பேர் வாழலாம், ஆனால் பொருளைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு. டாடா விங்கர் முன்சக்கர இழுவை என்பதால் உள்ளே தரை தாழ்வாக இருக்கும், ஏறி இறங்க வசதி. ஆனால் கனம் முழுவதையும் பின்னால் ஏற்றினால் ஈரமான மலை ஏற்றத்தில் முன்சக்கரம் பிடிமானம் இழந்து சுழலும். டிராவலர் பின்சக்கர இழுவை. அதன் உதிரிபாகமும் மெக்கானிக்கும் சின்ன ஊரில்கூடக் கிடைப்பார்கள். நிரந்தரமாகச் சாலையில் இருக்கப் போகிறவர்களுக்கு அது பெரிய தைரியம். எதுவானாலும், கட்டி முடித்த வண்டி என்றால் விலை பேசும் முன் ஒரு எடை மேடைக்கு ஓட்டிப் போய் நிறுத்துங்கள். முன் ஆக்ஸில் தனியாக, பின் ஆக்ஸில் தனியாக, அப்புறம் மொத்தமாக மூன்று சீட்டு வாங்குங்கள். ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான்.

ஏ.சி. விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், இதில் உயிர் இருக்கிறது. சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் தூங்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு டன் ஏ.சி. ஒரு ராத்திரிக்கு ஐந்து, ஆறு யூனிட் மின்சாரம் இழுக்கும். 12 வோல்ட், 100 ஏ.எச். லித்தியம் பேட்டரி ஒன்றில் முழுதாக இருப்பதே சுமார் 1.28 யூனிட். அதாவது நான்கைந்து பேட்டரி வேண்டும், அவற்றைப் பகலில் நிரப்பப் போதுமான சோலார் பேனலுக்குக் கூரையில் இடமும் வேண்டும். கணக்கு உதைக்கும்போது ஆள்கள் ஜெனரேட்டருக்குப் போகிறார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி. ஓட ஜெனரேட்டரைப் போட்டிருந்தார்கள், அதன் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்துவிட்டது. அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குகிறவருக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது.

ஜெனரேட்டர் பொருத்திய வண்டி வந்தால் என் பதில் வேண்டாம் என்பதுதான். எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்குவதும் அதே ஆபத்துதான், தரைத் தகட்டில் ஓட்டை விழுந்த வண்டியில் இன்னும் மோசம். கட்டிலுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கட்டாயம் மாட்டுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயரில் ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். வெயிலுக்கு என் யோசனை: கூரையில் எக்ஸாஸ்ட் ஃபேன், பலகைக்குப் பின்னால் நல்ல இன்சுலேஷன், ஏப்ரல் மே மாதங்களில் மலைப்பக்கம். வேனில் வாழ்வதில் இருக்கும் சுதந்திரமே அதுதானே.

இனி ஆர்.சி. டூர் ஓட்டிய வண்டிகள் மஞ்சள் போர்டில் மலிவாக வரும். அதை ஓன் போர்டுக்கு மாற்ற பெர்மிட்டை ஒப்படைத்து, வரி வித்தியாசம் கட்டி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முடிக்க வேண்டும். 'மாற்றித் தருகிறேன்' என்ற வாய்ச்சொல்லை நம்பாமல், மாற்றிய பிறகு பணம் கொடுங்கள். சேசிஸில் குத்தியிருக்கும் எண்ணைத் துடைத்து ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கடன் பாக்கியும் ஈ-சலானும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் தெரிந்துவிடும். வெளிமாநில வண்டி என்றால் என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) இல்லாமல் கைவைக்காதீர்கள்.

மாற்றியமைப்பைப் பற்றிச் சட்டம் கறாராகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மோட்டார் கேரவன் என்று தனி வகை விதிகளில் உண்டு, அதற்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரமும் உண்டு. எனவே விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, 'ஆர்.சி.யில் என்ன வகை என்று போட்டிருக்கிறது?' என்பதே. ஆர்.சி.யில் பதின்மூன்று சீட், உள்ளே இரண்டு சீட்டும் ஒரு அடுப்பும் என்றால், தீப்பிடித்த மறுநாள் என்னைப் போன்ற ஒருவர் அதைத்தான் முதலில் ரிப்போர்ட்டில் எழுதுவார். சோலார், பேட்டரி, ஃபிரிட்ஜ் இவற்றின் மதிப்பையும் பாலிசியில் தனியாகக் காட்டி பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். அப்புறம், ஒரே வெளிமாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தத் தம்பதி அன்று அட்வான்ஸ் கொடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, கம்பெனி ஆள்களை ஏற்றிய ஓன் போர்டு விங்கர் ஒன்றைச் சீட்டோடு வாங்கினார்கள். மோட்டார் கேரவனாகப் பதிவு செய்து தரும் பாடி பில்டரிடம்தான் வேலையைக் கொடுத்தார்கள். பிளைவுட் அடிப்பதற்கு முந்தின நாள் எனக்கு போன் வந்தது. "அண்ணா, நாளைக்கு மூடிடுவாங்க. இன்னைக்கு வந்து ஒரு தடவை பார்த்துடுங்க." போனேன். ஒயர்கள் ஒவ்வொன்றிலும் எதற்கு என்று சீட்டு ஒட்டி, ஃபியூஸ் பெட்டியைக் கை எட்டும் இடத்தில் வைத்திருந்தார்கள். அந்தப் பெண் உள்சுவர் முழுவதையும் அடி அடியாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். பின்சக்கரத்துக்கு மேலே வரப்போகும் பலகைக்கு மட்டும் ஆணி வேண்டாம், கையால் திருகிக் கழற்றுகிற ஸ்க்ரூ போடுங்கள் என்று அவரே கார்பென்டரிடம் சொல்லியிருந்தார்.