பூனை இருக்கும் வீட்டில் எறும்புச் சாக்பீஸ் வேண்டாம்

பூனைக்கு வைத்த மீன்சோற்றில் எறும்பு மொய்த்தால், பலர் தேடுவது எறும்புச் சாக்பீஸைத்தான். தட்டைச் சுற்றி ஒரு கோடு போட்டால் போதும் என்று நினைக்கிறோம். தயவுசெய்து அந்தக் கோட்டைப் போடாதீர்கள்.

அதில் பொதுவாக இருப்பது டெல்டாமெத்ரின் அல்லது சைபர்மெத்ரின். இரண்டுமே பைரெத்ராய்டு வகை நஞ்சு. நரம்புச் செல்லில் சோடியம் நுழையும் வாயில்கள் உடனுக்குடன் மூடிக்கொள்ள வேண்டும்; இந்த நஞ்சு அவற்றை மூடவிடாது. நரம்பு ஓயாமல் துடித்து எறும்பு சாகிறது. நமக்கும் நாய்க்கும் அதே வாயில்கள் உண்டு, ஆனால் நம் கல்லீரல் நஞ்சை வேகமாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் இதற்கு உதவும் சில நொதிகள் மிகக் குறைவு. பாராசிட்டமால் பூனையின் உயிருக்கே உலை வைப்பதும் அதனால்தான். போதாக்குறைக்கு, காலில் ஒட்டிய பொடியைப் பூனை நக்கியே சுத்தம் செய்யும். நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தோ இன்னும் ஆபத்து; அதைப் பூனைக்கு ஒருபோதும் விடக்கூடாது.

சரி, எறும்பை என்ன செய்வது? தீனி கண்ட எறும்பு, கூட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரு வாசனைப் பொருளைத் தடவிக்கொண்டே போகும். மற்றவை அதை மோப்பம் பிடித்து வரும். சோப்புத் தண்ணீரால் அந்தத் தடத்தைத் துடைத்தால் வரிசை குலைந்துவிடும். பிறகு அவை வரும் விரிசலை அடைத்துவிடுங்கள். தீனித் தட்டைத் தண்ணீர் ஊற்றிய அகலத் தாம்பாளத்தில் வையுங்கள். நம் பாட்டிமார் அலமாரிக் கால்களுக்குச் செய்த அதே ஏற்பாடுதான். சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துவிடுவது எல்லாவற்றிலும் மேல்.

அப்படியும் அடங்காவிட்டால் போரிக் அமிலம் கலந்த சர்க்கரைத் தண்ணீர் உதவும். 1 சதவீதம் போதும். அதிகமானால் எறும்பு வழியிலேயே செத்துவிடும். குறைவாக இருந்தால்தான் கூடுவரை போய், வாயோடு வாய் வைத்து ராணிக்கும் ஊட்டும். போரிக் அமிலமும் நஞ்சுதான். மூடிய டப்பாவில் சிறு துளையிட்டு, செல்லப்பிராணி நுழையாத இடத்தில் மட்டும் வையுங்கள்.

பூனை ஏற்கெனவே சாக்பீஸை மிதித்திருந்தால், பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு காலைக் கழுவித் துவட்டுங்கள். உடல் குளிர்ந்தால் இந்த நஞ்சின் வேகம் கூடும். எச்சில் ஒழுகினாலோ நடுங்கினாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். சாக்பீஸ் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.