இன்ஜெக்டர் மேல் பழி போடும் முன்

"இன்ஜெக்டர் நாலையும் மாத்தியாச்சு சார், அப்பவும் மிஸ்ஸிங் நிக்கல." இப்படிச் சொல்லிக்கொண்டே ஒருவர் காரைக் கொண்டுவந்து விட்டார். இன்ஜெக்டர் என்பது என்ஜினுக்கு எரிபொருளைத் தெளிக்கும் ஊசிக்குழல். கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனரில் பி0303 என்ற கோடு (code), அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், எரிபொருள் சரியாக எரியவில்லை. பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை இடம் மாற்றிப் பார்த்தேன், பிளக்கையும் மாற்றிப் பார்த்தேன். கோளாறு மூன்றாவது சிலிண்டரை விட்டு அசையவில்லை. சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜைப் போட்டால் மற்ற சிலிண்டர்களில் இருந்ததில் பாதிகூட அதில் இல்லை. உள்ளே காற்றை ஏற்றினேன், உஸ்ஸென்று சைலன்சர் வழியாக வெளியே வந்தது. புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு மூடவில்லை, அவ்வளவுதான். பாவம், நான்கு இன்ஜெக்டரும் ஒரு குற்றமும் செய்யாமல் வேலையிழந்திருந்தன.

இது அடிக்கடி நடக்கிறது. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) நடுக்கம், பிக்கப் குறைவு, மைலேஜ் சரிவு எதுவாக இருந்தாலும் முதலில் இன்ஜெக்டர் மேல்தான் கை போகிறது. ஸ்கேனர் எந்த சிலிண்டர் என்று சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி இடம் மாற்றிப் பார்ப்பதுதான். மூன்றாவது சிலிண்டரின் காயிலை இரண்டாவதுக்குப் போடுங்கள். கோடு பி0302 ஆக மாறினால் காயில்தான் திருடன். மாறாவிட்டால் பிளக், அப்புறம் கம்ப்ரஷன், கடைசியில்தான் இன்ஜெக்டர். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு, எது சரிசெய்தது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தவர்களில் நானும் ஒருவன்.

இன்ஜெக்டரைக் கழற்றினால் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள். பழையதையே அழுத்தி உட்கார வைத்து, என்ஜின் சூட்டில் பெட்ரோல் கசியவிடுவது விளையாட்டல்ல. சிலிண்டருக்குள்ளேயே நேராகத் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டிகளில் இந்த இடமாற்ற வேலையை வீட்டில் செய்யவே வேண்டாம். அதன் சீலைப் போடத் தனிக் கருவி வேண்டும்.

மின்சாரப் பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பி0201 முதல் பி0204 வரையிலான கோடு வந்தால் இன்ஜெக்டரின் மின்சார சர்க்யூட்டில் பிரச்சினை. பெரும்பாலும் கனெக்டர் பூட்டு உடைந்திருக்கும், பின்னில் பாசி பிடித்திருக்கும், இல்லாவிட்டால் ஒயர் உரசி அறுந்திருக்கும். சாதாரண பெட்ரோல் இன்ஜெக்டர்களில் பெரும்பாலானவை மல்டிமீட்டரில் 12 முதல் 16 ஓம் வரை காட்டும். நான்கில் ஒன்று மட்டும் விலகி நின்றால் அதைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஓம் சரியாக இருப்பது நற்சான்றிதழ் ஆகாது. உள்ளே அழுக்கு அடைத்திருந்தாலும் இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயில் அதே 14 ஓமைத்தான் காட்டும். நீண்ட ஸ்க்ரூடிரைவரை வைத்துக் காது கொடுத்தால் கேட்கும் 'டிக் டிக்' சத்தமும் அப்படித்தான்: ஊசி அசைகிறது என்று சொல்லும், எவ்வளவு பெட்ரோல் போகிறது என்று சொல்லாது.

அடைப்பு கொஞ்சம் தந்திரமானது. ஐடிலில் இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் 2 முதல் 4 மில்லி செகண்ட்தான் திறக்கிறது. அந்த நேரத்தில் ஒன்று மட்டும் குறைவாகத் தெளித்தால் ஆக்சிஜன் சென்சார் 'பெட்ரோல் பத்தவில்லை' என்று புகார் சொல்லும். என்ஜினை ஆளும் கணினியான ஈசியு என்ன செய்கிறது? எல்லா சிலிண்டருக்கும் சேர்த்துக் கூட்டிக் கொடுக்கிறது. அடைத்தது பட்டினி கிடக்க, மற்ற மூன்றும் அளவுக்கு மேல் குடிக்கின்றன. மைலேஜ் குறைவது அங்கேதான். ஸ்கேனரில் ஃப்யூவல் ட்ரிம், அதாவது ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, 10 சதவீதத்தைத் தாண்டி மேலே நின்றால் கவனியுங்கள். அது ஐடிலில் அதிகமாக இருந்து 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும் வாக்யூம் லீக்கைத் தேடுங்கள். வேகமும் லோடும் ஏற ஏற அதிகரித்தால் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் மூன்றும் வரிசையில் நிற்கின்றன. பிரஷர் கேஜ் போட்டுப் பம்பையும் ஃபில்டரையும் விடுவித்த பிறகுதான் இன்ஜெக்டரைப் பிடிக்க வேண்டும்.

எனக்கு அதிகம் பயம் தருவது அடைப்பு அல்ல, ஒழுக்குதான். ஓடும்போது பெரிதாகத் தெரியாது. சூடான என்ஜினை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் நெடுநேரம் சுற்றும், பெட்ரோல் நெடி வரும், கறுப்பாக ஒரு புகை விட்டுவிட்டுத்தான் பிடிக்கும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் குழாயான ரெயிலில் பிரஷர் கேஜைப் போட்டு என்ஜினை நிறுத்திப் பாருங்கள். முள் மளமளவென இறங்கினால் எங்கோ அழுத்தம் வெளியேறுகிறது. பம்பின் உள்ளே இருக்கும் ஒருவழி வால்வும் அதற்குக் காரணமாகலாம் என்பதால் அவசரப்பட வேண்டாம். பிளக்குகளைக் கழற்றுங்கள், ஒன்று மட்டும் நனைந்து கறுத்திருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். ஆயில் டிப்ஸ்டிக்கையும் முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்து பெட்ரோல் வாசனையும் அடித்தால், ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கைக் காக்கும் சக்தியை இழந்துகொண்டிருக்கிறது. அந்த வண்டியை ஓட்டாதீர்கள். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினாலும் அப்படியே. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையும் உருக்கிவிடும்.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வேறு உலகம். ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் மிச்ச டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாயில் ஒரு சின்ன பாட்டிலை மாட்டி, சில நிமிடம் ஐடிலில் ஓடவிடுவோம். எந்த பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ, அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்துவிட்டது. இப்படித் திரும்பி ஓடும் டீசல் அதிகமானால் ரெயிலில் அழுத்தம் ஏறாது, செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், என்ஜின் பிடிக்காது. பம்ப் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு வந்த சில வண்டிகள் இந்த பாட்டில் டெஸ்ட்டிலேயே தெளிவாகியிருக்கின்றன.

பழைய டீசல் என்ஜின்களில் ஓடும்போதே பைப் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் என்று பார்ப்பார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. 1,600 பாருக்கு மேல் போகும் அழுத்தத்தில் ஊசிமுனை அளவு கசிவுகூட தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே தெரிவது சின்னப் புள்ளிதான், வலியும் ஆரம்பத்தில் குறைவாக இருக்கலாம். துடைத்துவிட்டு வேலையைத் தொடராமல் உடனே மருத்துவமனைக்குப் போய், டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

சரி, டீசல் இன்ஜெக்டரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிட்டால், அடியில் காப்பர் வாஷர் புதிதா என்று பாருங்கள். பல வண்டிகளில் இன்ஜெக்டர் தலையில் ஒரு குறியீடு (code) பொறித்திருக்கும். அதை ஈசியுவில் பதிவு செய்தார்களா என்று வண்டியை எடுக்கும்போது கேளுங்கள். பதிவு செய்யாமல் விட்டால் புது இன்ஜெக்டரோடும் ஐடில் நடுங்கும், மறுபடியும் முதலிலிருந்து தேட ஆரம்பிப்பீர்கள்.