மார்கழித் தூக்கமா, தைராய்டா?

மார்கழி பிறந்துவிட்டால் கிளினிக்கில் அடிக்கடி காதில் விழுவது இதுதான்: “பனிக்காலம் டாக்டர், அதான் எந்நேரமும் படுத்தே கிடக்கறாங்க.” கடலூரில் விடியற்காலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதற்கே மஃப்ளர் சுற்றிக்கொள்கிறோம், அது வேறு கதை.

குளிர்காலத்தில் கரடி உறங்குவதுபோல நமக்கும் இது இயல்புதானே என்று தோன்றலாம். ஆனால் மாதக்கணக்கில் உறங்கும் விலங்குகள் குளிருக்குப் பயந்து படுப்பதில்லை, தீனி கிடைக்காததால்தான் படுக்கின்றன. மடகாஸ்கர் தீவில் ஒருவகைக் குள்ள லெமூர், வாலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, பகலில் 30 டிகிரி அடிக்கும் வறட்சிக் காலத்திலேயே ஏழு மாதம் வரை மரப்பொந்தில் கிடக்கும். அதுவும் குரங்கினத்துக்கு உறவுதான்.

நமக்கு அந்தத் தேவை வரவில்லை. வெப்பமான ஆப்பிரிக்காவில் உருவாகி, நெருப்பையும் உடையையும் கையில் வைத்துக்கொண்டுதான் குளிர்நாடுகளுக்குப் போனோம். பஞ்ச காலத்துக்குக் குதிரில் நெல், கடலுக்குப் போக முடியாத ஐப்பசி, கார்த்திகைக்குக் கருவாடு. மாதக்கணக்கில் உறங்குவதற்கான ஏற்பாடு நம் உடம்பிலும் கிடையாது. ஆர்க்டிக் தரை அணிலின் உடல் வெப்பம் மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்கியும் அது பிழைத்துக்கொள்கிறது. நமக்கு 35-க்குக் கீழே போனாலே ஆபத்து. 28-க்குக் கீழே இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். கரடி மாதக்கணக்கில் படுத்திருந்தாலும் அதன் தசை பெரிதாகக் கரைவதில்லை, காலில் ரத்தம் உறைவதில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் பத்து நாள் படுத்தால் தொடை மெலிந்து, எழுந்து நிற்கவே ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அதனால் ஒருவர் கரடி போலத் தூங்கினால் பருவத்தின் மேல் பழிபோட முடியாது. போன தை மாதம், மீன் விற்கும் ஓர் அம்மாவை அவர் மகள் கூட்டிவந்தார். “மழைக்காலத்துல இருந்தே கம்பளிக்குள்ளதான் சார், கூடையத் தொடவே இல்ல.” அம்மாவுக்குக் குரல் கரகரத்திருந்தது, முகம் உப்பி, புருவத்தின் வெளி ஓரத்தில் முடி உதிர்ந்திருந்தது. நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரைச் சுத்தியலால் தட்டினேன். பாதம் சட்டென்று துள்ளியது. ஆனால் பழைய இடத்துக்கு மெல்ல, மிக மெல்லத் திரும்பியது. தைராய்டு குறைவைப் பிடித்துக்கொடுக்கும் பழைய சோதனை இது. தைராய்டு சுரப்பியை வேலை வாங்கும் ஹார்மோன் டி.எஸ்.எச். தைராய்டு குறைந்தால் இது ஏறும். அம்மாவின் ரத்தத்தில் அது எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

தைராய்டு மட்டும் காரணம் என்றில்லை. ரத்தசோகை, கட்டுப்படாத சர்க்கரை, மனச்சோர்வு எல்லாமே இப்படிப் படுக்கவைக்கும். அப்புறம், தும்மலுக்கென்று மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் மாத்திரை! மார்கழியில் பாதித் தூக்கத்துக்கு அதுதான் காரணமோ என்றுகூட எனக்குத் தோன்றும். தூக்கத்தோடு மலச்சிக்கல், வறண்ட தோல், மற்றவர்களைவிட அதிகமாகக் குளிர்வது எல்லாம் சேர்ந்து சில வாரம் நீடித்தால் டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு மாத்திரை எழுதித் தந்தால் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள். காபி குடிக்க அரை மணி நேரமாவது ஆகட்டும்.

ஒரு நிலை மட்டும் அவசரம். தைராய்டு குறைவை வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டவர்களுக்கு, குளிர்காலத்தில் சளிக்காய்ச்சலோ வேறு தொற்றோ வந்தால் உடம்பு சில்லிட்டு நினைவு மங்கிவிடலாம். கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை, பேச்சு குழறுகிறது என்றால், தூங்கட்டும் என்று விடாதீர்கள். வெந்நீர்ப் பை வைத்துச் சூடேற்றவும் வேண்டாம், ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கிவிடும். சாதாரணப் போர்வை ஒன்றைப் போர்த்திவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.